குதிரை டாக்டரும் மீன் கருவும்: ‘எக்ஸ்ட்ரா’ ஜீன்கள் ஏன் சாகவில்லை? சுசுமு ஓனோவின் கதை

1960-களின் நடுப்பகுதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் டுவார்ட்டே என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் சிட்டி ஆஃப் ஹோப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், ஒரு ஜப்பானிய விஞ்ஞானி மீன்களின் செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் படித்தது கால்நடை மருத்துவம். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் குதிரை என்றால் உயிர். வேலை பார்ப்பதோ புற்றுநோய் மையத்தில். இவருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் குரோமோசோம் எண்ணிக்கையிலிருந்து ஒரு பெரிய கேள்வி கிளம்பியது. முதுகெலும்பு, தாடை, கை கால், சிக்கலான மூளை என்று இவ்வளவு புதிய விஷயங்களை உருவாக்கப் புதிய ஜீன்கள் எங்கிருந்து வந்தன? பழைய ஜீன்கள் நகல் எடுக்கப்பட்டதால் வந்தன என்பது அவர் சொன்ன பதில். அந்தப் பதிலின் ஒரு பாதி சரியாக இருந்தது. இன்னொரு பாதியில் இருந்த ஓட்டையை, அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு குட்டி மீனின் கரு காட்டிக்கொடுத்தது.

அவர் பெயர் சுசுமு ஓனோ. பரிணாம உயிரியல் படிக்கும் யாரும் இன்றைக்கு இவரைத் தாண்டிப் போக முடியாது.

யார் இந்த ஓனோ?

1928 பிப்ரவரி 1 அன்று, கொரியாவின் சோல் நகரில் ஓனோ பிறந்தார். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பெற்றோர் ஜப்பானியர்கள். அப்பா அங்கே ஜப்பானிய நிர்வாகத்தின் கல்வித் துறையில் உயர் பொறுப்பில் இருந்தவர். 1945-ல் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும், கொரியாவில் இருந்த ஜப்பானியக் குடும்பங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. பிறந்த ஊரை விட்டு, போரில் நொறுங்கிப்போன ஜப்பானுக்கு ஓனோ வந்தபோது அவருக்கு வயது 17.

குதிரை மேல் இருந்த ஆசைதான் அவரைக் கால்நடை மருத்துவம் பக்கம் தள்ளியது. 1949-ல் டோக்கியோவில் அந்தப் பட்டத்தை வாங்கினார். ஆனால் கிளினிக் வைத்து ஊசி போடுவதில் அவர் மனம் போகவில்லை. நல்ல குதிரைக்கும் சாதாரணக் குதிரைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் மாறுவதில்லையே, அப்படியானால் அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? குதிரை வளர்ப்பவர்கள் காலம் காலமாகக் கேட்கும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் மரபியலுக்குள் நுழைந்தார்.

1951-ல் அமெரிக்கா போனார். அடுத்த வருடமே சிட்டி ஆஃப் ஹோப்பில் சேர்ந்தார். அதற்குப் பிறகு தன் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதையும் அங்கேதான் கழித்தார். வேலையை அடிக்கடி மாற்றும் இன்றைய தலைமுறைக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். எலி, மனிதன், மீன், கடைசியில் இசை வரைக்கும் போய்விட்டார்!

முதல் பெரிய வெற்றி: பெண் செல்லில் இருந்த கரும்புள்ளி

1949-ல் கனடாவின் மர்ரே பார் என்ற விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். பெண் பூனையின் நரம்பு செல்லில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது, ஆண் பூனையில் அது இல்லை. அந்தப் புள்ளி எதனால் ஆனது என்பது பத்து வருடமாகப் புதிராகவே இருந்தது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பதால், இரண்டும் ஒட்டிக்கொண்டு அந்தப் புள்ளி உண்டாகிறது என்று பலர் நினைத்தார்கள்.

ஓனோ எலியின் கல்லீரல் செல்களை எடுத்துப் பார்த்தார். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று சாதாரணமாக விரிந்து இருந்தது. இன்னொன்று மட்டும் இறுகச் சுருண்டு கிடந்தது. அந்தச் சுருண்ட ஒற்றை எக்ஸ்தான் கரும்புள்ளி என்று 1959-ல் தன் சகாக்களுடன் சேர்ந்து அறிவித்தார். இரண்டு வருடம் கழித்து, பிரிட்டனின் மேரி லயன் அடுத்த அடியை வைத்தார்: பெண் செல்களில் ஒரு எக்ஸ் ‘ஆஃப்’ செய்யப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். இன்றைக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம் இது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே ஜீன் இரண்டு மடங்காக இருந்தால் உடலுக்கு என்ன ஆகும், அதை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்ற யோசனை அப்போதே ஓனோவின் மண்டைக்குள் புகுந்துவிட்டது.

1967-ல் பாலினக் குரோமோசோம்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பாலூட்டிகளில் ஒரு விலங்கின் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஜீன், மற்ற பாலூட்டிகளிலும் பெரும்பாலும் எக்ஸில்தான் இருக்கும் என்பது அதன் சாரம். மனிதர்களுக்கு வரும் ஹீமோபிலியா என்ற ரத்தம் உறையாத நோய், நாய்களிலும் எக்ஸ் வழியாகவே வருவதை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். இதற்கு ‘ஓனோ விதி’ என்றே பெயர் வந்துவிட்டது.

சரி, மீனுக்கு எப்படி வந்தார்?

ஓனோவின் பார்வையில், பாலூட்டிகளுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. எக்ஸ், ஒய் என்று பாலினக் குரோமோசோம்கள் தெளிவாகப் பிரிந்துவிட்ட விலங்கில், மொத்த குரோமோசோம் செட்டும் இரண்டு மடங்கானால் ஆண், பெண் கணக்கே குழம்பிவிடும். அப்படிப்பட்ட விலங்கால் சந்ததியைத் தொடர முடியாது. அதனால் பரிணாமத்தில் மொத்த செட்டும் இரட்டிப்பாகும் சம்பவம் நடந்திருந்தால், அது பாலூட்டிகள் வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அதாவது மீன்கள் இருந்த கட்டத்தில். பல மீன்களில் ஆண், பெண் குரோமோசோம்களுக்கு இடையே பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அங்கே இரட்டிப்பு நடந்தாலும் பிழைக்க வழி உண்டு.

எனவே தடயம் வேண்டும் என்றால் மீனிடம்தான் போக வேண்டும். ஜெர்மனியின் உல்ரிக் வோல்ஃப், பிரிட்டனின் நீல்ஸ் அட்கின் ஆகியோருடன் சேர்ந்து மீன் செல்களில் குரோமோசோம்களை எண்ணினார், ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டிஎன்ஏவை எழுத்து எழுத்தாக எளிதாகப் படிக்கும் முறை 1977-ல்தான் வந்தது. அதற்கு முன்பு இருந்த வழி இவ்வளவுதான்: எண்ணு, அள.

கிடைத்த விடை சுவாரஸ்யமாக இருந்தது. கெண்டைக் குடும்பத்தில் பல மீன்களுக்குச் சுமார் 50 குரோமோசோம்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த சாதா கெண்டைக்கும், நாம் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் தங்க மீனுக்கும் சுமார் 100! டிஎன்ஏ அளவும் அதற்கேற்ப ஏறத்தாழ இரண்டு மடங்கு. சால்மன், ட்ரவுட் மீன்களின் குடும்பத்திலும் இதே போன்ற தடயம். ஏதோ ஒரு காலத்தில் இந்த மீன்களின் மூதாதையிடம் மொத்த ஜீன் தொகுப்பும் ஒரே அடியாக ஜெராக்ஸ் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நகலோடு அவை செத்துப்போகவில்லை, நன்றாகவே வாழ்ந்து பெருகியிருக்கின்றன.

1970: ஒரு புத்தகம், ஒரு துணிச்சல்

ஜீன் நகலாவது பற்றி முதலில் பேசியவர் ஓனோ இல்லை. 1930-களிலேயே ஹால்டேன், முல்லர் போன்ற மரபியலாளர்கள் அதைச் சொல்லியிருந்தார்கள். (இந்த ஹால்டேன்தான் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர்.) ஆனால் பரிணாமத்தின் மையமே அதுதான் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதி அடித்துச் சொன்னவர் ஓனோ. 1970-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் பெயரே ஜீன் நகல் வழியாகப் பரிணாமம் என்பதுதான்.

அவருடைய வாதம் ரொம்ப சிம்பிள். ஒரு முக்கியமான ஜீன் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஜீன் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரிய மாற்றம் வந்தால் உயிருக்கே ஆபத்து. மாற்றம் வந்த உயிர் பிழைக்காது, அதனால் அந்த மாற்றமும் அடுத்த தலைமுறைக்குப் போகாது. இயற்கைத் தேர்வு இங்கே போலீஸ் வேலை பார்க்கிறது. ஒரு எழுத்தைக்கூட நகர விடாது. அப்படி இருந்தால் புதுசாக எதுவுமே பிறக்காதே?

இப்போது அந்த ஜீனுக்கு ஒரு நகல் கிடைக்கிறது. ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று? அதில் என்ன பிழை வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. போலீஸ் கண்ணில் படாமல் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பெரும்பாலும் அந்த நகல் கெட்டு, பயனில்லாமல் செத்துப்போகும். எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால், சேர்ந்த பிழைகள் ஒரு புது வேலையைக் கற்றுக்கொடுத்துவிடும். புது ஜீன் பிறந்துவிட்டது.

இதற்கு நம் உடம்பிலேயே உதாரணம் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், தசையில் அதைச் சேமித்து வைக்கும் மயோகுளோபினும் ஒரே மூதாதை ஜீனின் வாரிசுகள். நாம் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடிவதற்குக் காரணமும், கண்ணில் இருக்கும் ஒரு நிற உணர்வு ஜீன் நகலாகி, இரண்டும் கொஞ்சம் வேறுபட்டுப் போனதுதான்.

ஓனோ இன்னும் ஒரு படி மேலே போனார். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஜீன் நகலானால் மட்டும் போதாது. ஒரு ஜீனும், அதை இயக்கும் மற்ற ஜீன்களும் சேர்ந்து மொத்தமாக நகலாக வேண்டும். அதனால் முதுகெலும்பு உள்ள விலங்குகளின் ஆரம்ப காலத்தில் மொத்தத் தொகுப்பே இரட்டிப்பாகியிருக்க வேண்டும் என்றார். கையில் இருந்த ஆதாரத்துக்கு இது ரொம்பப் பெரிய தாவல். பலர் நம்பவில்லை. படித்துவிட்டு ஓரமாக வைத்தவர்களும் உண்டு.

ஜங்க் டிஎன்ஏ, இசை, ஒரு தோல்வி

1972-ல் ஓனோ இன்னொரு குண்டைப் போட்டார். நம் டிஎன்ஏவின் பெரும்பகுதி எந்த ஜீனாகவும் வேலை செய்யவில்லை, அது ‘ஜங்க்’ என்றார். இதுவும் அதே நகல் சிந்தனையின் தொடர்ச்சிதான். பிறந்து, வேலை கிடைக்காமல் செத்துப்போன நகல்களின் எலும்புக்கூடுகள் எங்கே போகும்? டிஎன்ஏவுக்குள்ளேயே கிடக்கும். இன்றைக்கு அந்தப் பகுதிகளில் ஜீன்களை இயக்கும் ஸ்விட்ச்கள் பல இருப்பது தெரியும். ஆனாலும் எவ்வளவு குப்பை, எவ்வளவு உபயோகம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எல்லா யோசனையும் பலிக்கவில்லை. எச்-ஒய் என்ற புரதம்தான் ஒரு கருவை ஆணாக்குகிறது என்ற கருத்துக்காக 1970-களில் அவர் தீவிரமாக வாதாடினார். 1990-ல் ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற வேறு ஜீன் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தக் கதை முடிந்தது.

1981-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் உறுப்பினரானார். அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. டிஎன்ஏவின் எழுத்துகளை இசைக் குறிப்புகளாக மாற்றிப் பார்த்தார். ஜீனிலும் சரி, இசையிலும் சரி, ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி, பெரிய வடிவமாக வளர்கிறது என்பது அவர் கவனிப்பு. மனைவி மிடோரியும் அவரும் சேர்ந்து 1986-ல் இதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

கணக்கு எங்கே இடித்தது?

ஓனோ சொன்னபடி பார்த்தால், நகல் ஜீனுக்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று, புது வேலை. அது ரொம்ப அபூர்வம். இன்னொன்று, சாவு. அதுதான் சகஜம். அப்படியென்றால் சில கோடி வருடங்களில் கிட்டத்தட்ட எல்லா நகல்களும் காலியாகியிருக்க வேண்டும்.

ஆனால் மீன்களிடம் நிலவரம் வேறாக இருந்தது. ட்ரவுட் குடும்பத்தில் இரட்டிப்பு நடந்து சுமார் 10 கோடி வருடம் ஆகியிருக்கலாம். அந்த நகல்களில் ஏறத்தாழ பாதி இன்னும் உயிரோடு இருக்கின்றன. அத்தனை ஜீன்களுக்கும் புது வேலை கிடைத்திருக்குமா? நம்ப முடியவில்லை. புது வேலையும் இல்லை, சாகவும் இல்லை என்றால், இவை எப்படித்தான் பிழைத்துக் கிடக்கின்றன?

இதற்கான விடை ஓனோவின் ஆய்வகத்திலிருந்து வரவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரிலிருந்து வந்தது.

கங்கைக் கரையின் குட்டி மீன்

ஜீப்ரா மீன். உடம்பில் நீல வரிகளோடு, நீளம் ஒரு விரல் அளவுகூட இருக்காது. இந்தியா, நேபாளம், வங்கதேசத்தின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழும் மீன் இது. கங்கைப் பகுதியில் கிடைத்த இந்த மீனை 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் முதலில் விவரித்து எழுதினார். இதுவும் கெண்டைக் குடும்பம்தான்.

ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்சிங்கர் இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, 1981-ல் உலகத்தின் கவனத்தைத் திருப்பினார். காரணம், இதன் கரு. அது தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற முட்டைக்குள் வளர்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் போதும், ஒரே நாளில் தலை, வால், கண், முதுகுத் தண்டு எல்லாம் உருவாவதை நேரடியாகப் பார்க்கலாம். எந்த ஜீன் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைச் சாயம் ஏற்றிக் கண்டுபிடிக்கலாம்.

கருவில் எது தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று முகவரி எழுதும் ஜீன்களுக்கு ஹாக்ஸ் ஜீன்கள் என்று பெயர். இவை குரோமோசோமில் கொத்துக் கொத்தாக இருக்கும். முதுகெலும்பு இல்லாத நம் தூரத்துச் சொந்தமான ஆம்பியாக்சஸ் என்ற கடல் உயிரிக்கு ஒரே ஒரு கொத்து என்பது 1994-ல் தெரியவந்தது. மனிதனுக்கு 4 கொத்துகள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியிருக்கிறது. ஓனோ சொன்ன இரட்டிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஜீப்ரா மீனுக்கும் 4 தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 1998-ல் ஓரிகனின் ஏஞ்சல் அமோரெஸ், ஜான் போஸ்டல்த்வெயிட் குழு எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது 7! அதாவது 4 கொத்துகள் 8 ஆகி, அதில் ஒன்றின் ஜீன்கள் தொலைந்துபோயிருக்கின்றன. 30 கோடி வருடங்களுக்கும் முன்பு, இன்றைய பெரும்பாலான மீன்களின் பொது மூதாதையிடம் மொத்தத் தொகுப்பும் இன்னொரு முறை இரட்டிப்பாகியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

அதோடு விஷயம் முடியவில்லை. மனிதனிடம் 39 ஹாக்ஸ் ஜீன்கள் உண்டு. இரட்டிப்பானால் ஜீப்ரா மீனுக்கு 78 அளவில் இருக்க வேண்டும். இருப்பதோ 50-க்கும் குறைவு. நிறைய நகல்கள் செத்திருக்கின்றன, அதுவரை ஓனோ சொன்னது சரி. பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்பதுதான் பாக்கி.

அண்ணன் தம்பி டிஃபன் கடை

1999-ல் ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லிஞ்ச், போஸ்டல்த்வெயிட் ஆகியோரின் குழு ஒரு புதிய விளக்கத்தைக் கொடுத்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு டிஃபன் கடையைக் கற்பனை பண்ணிக்கோங்க.

ஒரே ஆள் காலையில் இட்லி போடுகிறார், சாயங்காலம் பஜ்ஜி போடுகிறார். பிறகு தம்பியும் கடைக்கு வருகிறார். இருவருக்கும் இரண்டு வேலையும் தெரியும். நாளாக ஆக, அண்ணனுக்குப் பஜ்ஜி போடுவது மறந்துபோகிறது. பரவாயில்லை, தம்பி இருக்கிறார். தம்பிக்கு இட்லி மறந்துபோகிறது. பரவாயில்லை, அண்ணன் இருக்கிறார். யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, இருவரும் ஆளுக்கொன்றை மறந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இப்போது இவர்களில் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒருவர் போனாலும் கடையில் ஒரு வேளை வியாபாரம் படுத்துவிடும்.

ஜீனிலும் அதேதான். கருவை வளர்க்கும் ஒரு ஜீனுக்குப் பக்கத்தில் பல ஸ்விட்ச்கள் உண்டு. ஒரு ஸ்விட்ச் அதை மூளையில் ஆன் செய்யும், இன்னொன்று துடுப்பில், வேறொன்று கண்ணில். நகலான பிறகு ஒரு பிரதியில் ஒரு ஸ்விட்ச் கெடுகிறது, அடுத்த பிரதியில் வேறு ஸ்விட்ச் கெடுகிறது. பழைய ஜீன் பார்த்த மொத்த வேலையும் நடக்க வேண்டும் என்றால் இனி இரண்டுமே தேவை. பிழைகள் நகலைக் கொல்லும் என்று ஓனோ நினைத்தார். அதே பிழைகள் நகலைக் காப்பாற்றவும் செய்யும் என்பது அவர் பார்க்காத மூன்றாவது வழி.

இது வெறும் கணக்கு இல்லை, கருவிலேயே தெரிந்தது. என்கிரெய்ல்ட்-1 என்று ஒரு ஜீன். எலியிலும் கோழியிலும் அது ஒன்றுதான் உண்டு. கரு வளரும்போது, முன்னங்கால் அல்லது இறக்கை முளைக்கும் இடத்திலும் அது ஆன் ஆகும், பின்மூளை மற்றும் தண்டுவடத்தின் குறிப்பிட்ட நரம்பு செல்களிலும் ஆன் ஆகும். ஜீப்ரா மீனில் இதற்கு இரண்டு பிரதிகள். ஒரு பிரதி மார்புத் துடுப்பு முளைக்கும் இடத்தில் ஆன் ஆகிறது. இன்னொரு பிரதி அந்த நரம்பு செல்களில் ஆன் ஆகிறது. நாம் ஒரே ஜீனை வைத்துச் செய்வதை, மீன் இரண்டாகப் பாகம் பிரித்துச் செய்கிறது.

மங்கலான மீன், கருப்புக் கண்

இன்னொரு உதாரணம் கண்ணாலேயே பார்க்கக்கூடியது. எம்ஐடிஎஃப் என்ற ஜீன் நிறமி செல்களை உருவாக்க உதவுகிறது. எலியில் அது பழுதானால் முடி வெளுத்துப்போகும், கண்ணும் பாதிக்கப்பட்டுச் சிறுத்துப்போகும். மனிதர்களிடம் அதே ஜீனில் வரும் கோளாறு, காது கேளாமையும் நிற மாற்றமும் சேர்ந்து வரும் வார்டன்பர்க் நோய்க்குறியின் ஒரு வகைக்குக் காரணம்.

ஜீப்ரா மீனில் இதற்கும் இரண்டு பிரதிகள். அதில் ஒன்று பழுதான மீன்களுக்கு உடம்பில் கருப்பு நிறமி செல்களே இல்லை. ஆனால் கண் மட்டும் கருகருவென்று இருக்கும்! இன்னொரு பிரதி கண்ணில் ஆன் ஆகிறது. விஞ்ஞானிகள் இந்த மங்கலான மீனை விடவில்லை. இன்னொரு நிறமியும் இல்லாத வகையோடு இதை இனக்கலப்பு செய்து, வளர்ந்த பிறகும் உடம்பு கண்ணாடி போலத் தெரியும் காஸ்பர் என்ற மீனை 2008-ல் உருவாக்கினார்கள். உயிருள்ள மீனுக்குள் புற்றுநோய் செல்கள் எப்படிப் பரவுகின்றன என்பதை இப்போது நேரடியாகப் பார்க்க முடிகிறது.

சில இடங்களில் பாகப்பிரிவினை இன்னும் குழப்பமாக நடந்திருக்கிறது. எலிக் கருவின் பின்மூளையில் ஹாக்ஸ்-ஏ1 முதலில் வேலையைத் தொடங்கும், ஹாக்ஸ்-பி1 பிறகு அதைத் தொடரும். ஜீப்ரா மீனில் இந்த இரண்டு வேலைகளையும் பி1-இன் இரண்டு பிரதிகளே பங்குபோட்டுக்கொண்டன. ஏ1 அந்த வேலையிலிருந்தே ஒதுங்கிவிட்டது. சித்தப்பா பார்த்த வேலையைப் பெரியப்பா மகன் எடுத்துக்கொண்ட மாதிரி.

அப்படியானால் ஓனோ சொன்ன புது வேலை வழி பொய்யா? அதுவும் இல்லை. அண்டார்டிக் கடலில் உறைநிலைக்கும் கீழான தண்ணீரில் சில மீன்கள் ரத்தம் உறையாமல் வாழ்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் புரதம், உணவைச் செரிக்கும் ஒரு நொதியின் ஜீன் துண்டுகளிலிருந்து உருவானது என்று 1997-ல் காட்டப்பட்டது. புது வேலை கிடைக்கும், ஆனால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதில் ஓனோ தப்பவில்லை.

இது நமக்கு எதுக்கு?

மருந்து ஆராய்ச்சிக்கு இது நேரடியாகத் தேவை. மனித ஜீன்களில் சுமார் 70 சதவீதத்துக்கு ஜீப்ரா மீனில் குறைந்தது ஒரு இணை ஜீன் இருப்பது 2013-ல் வெளியான அதன் முழு ஜீன் வரைபடத்தில் தெரிந்தது. அதனால்தான் நோய்களைப் புரிந்துகொள்ளவும், மருந்துகளைச் சோதிக்கவும் உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதை வளர்க்கின்றன.

ஒரு குழந்தைக்கு அபூர்வமான மரபணு நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் ஒரு ஜீனைச் சந்தேகப்படுகிறார்கள். அதை மீனில் அணைத்துப் பார்க்கிறார்கள், மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே அந்த ஜீன் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிட முடியுமா? முடியாது. அண்ணனை நிறுத்தினால் தம்பி கடையை ஓட்டியிருக்கலாம். இரண்டு பிரதிகளையும் தேடி, எது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். மீன் கருவின் இந்தப் பாகப்பிரிவினை தெரியாமல் சோதனை செய்தால், ஒரு குடும்பத்துக்குத் தவறான பதில் போய்ச் சேரும்.

இதைச் சமாளிக்க, கார் என்ற பழமையான மீனின் ஜீன் தொகுப்பை 2016-ல் படித்தார்கள். மற்ற மீன்களுக்கு நடந்த கடைசி இரட்டிப்புக்கு முன்பே அதன் வம்சம் பிரிந்துவிட்டது. அதனால் மனித ஜீனையும் ஜீப்ரா மீனின் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட அது நடுவில் பாலம் போல உதவுகிறது.

ஓனோ 2000 ஜனவரியில், டுவார்ட்டேவில், 71 வயதில் காலமானார். மீன் கருவின் விடை அச்சில் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதே ஆண்டில், அயர்லாந்தின் கென் வுல்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மொத்தத் தொகுப்பும் இரட்டிப்பாகும்போது பிறக்கும் ஜோடி ஜீன்களுக்கு ‘ஓனோலாக்’ என்று பெயர் வைக்கலாம். விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

2005-ல் மனிதன், எலி, பஃபர் மீன் முதலியவற்றின் முழு ஜீன் தொகுப்புகளை வைத்துச் செய்த ஒப்பீடு, முதுகெலும்பிகளின் ஆரம்பத்தில் இரண்டு முறை மொத்த இரட்டிப்பு நடந்ததற்கு வலுவான ஆதாரம் கொடுத்தது. குரோமோசோம்களை எண்ணியும் டிஎன்ஏவை அளந்தும் 1970-ல் ஒருவர் போட்ட கணக்கு அது. இன்றைக்கும் ஜீப்ரா மீனில் ஒரு ஜீனை அணைக்கத் திட்டமிடும் ஆராய்ச்சியாளர் முதலில் பார்ப்பது, அதற்கு ஓனோலாக் இருக்கிறதா என்பதைத்தான்.